இறங்குவதற்காகச் செய்த எஞ்சின்: உசுய் கணவாயும் இஎஃப்63-ம்

ரயில் எஞ்சினைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்தான். எவ்வளவு வேகம் போகும்? எவ்வளவு இழுக்கும்? ஜப்பானின் இஎஃப்63 மின்சார எஞ்சினிடம் இந்த இரண்டையும் கேட்டால் சுமாரான பதில்தான் கிடைக்கும்: மணிக்கு 100 கிலோமீட்டர், 2,550 கிலோவாட். அதே 1960-களில் ஜப்பான் தேசிய ரயில்வே நாடெங்கும் ஓடவிட்ட இஎஃப்65-லும் இதே 425 கிலோவாட் மோட்டார்கள் ஆறு, இதே சக்தி. ஆனால் இஎஃப்65 வகையில் 308 எஞ்சின்கள் செய்தார்கள். இஎஃப்63 வகையில் மொத்தமே 25. அந்த 25-ம் தங்கள் காலம் முழுவதும் உழைத்தது 11.2 கிலோமீட்டர் பாதையில், ஒரே ஒரு மலையில்.

ஒரே ஒரு இடத்துக்கென்று ஒரு எஞ்சினை ஏன் தனியாகச் செய்ய வேண்டும்? மலை ஏறுவதற்குக் கூடுதல் பலம் வேண்டும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அது பாதி உண்மை. இஎஃப்63-ஐ உற்றுப் பார்த்தால் அதன் எடை, பிரேக், பெட்டிகளோடு இணைக்கும் கப்லிங், எந்த முனையில் எது இருக்க வேண்டும் என்பது வரை எல்லாமே இறக்கத்தை நினைத்துச் செய்தவை என்பது புரியும். ரயிலை மேலே ஏற்றுவதைவிடக் கீழே இறக்குவதுதான் அந்த மலையில் பெரிய கஷ்டம். அதை முழுதாக ஒப்புக்கொண்டு வடிவமைத்த எஞ்சின் என்பதால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு மதிப்பு.

மலையும் பற்சட்டமும்

தோக்கியோவிலிருந்து வடமேற்கே போகும் ஷின்எட்சு முதன்மைப் பாதை, தகாசாகி சமவெளியைத் தாண்டி குன்மா மாகாணத்தின் ஓரத்தில் யோகொகாவா என்ற சிறிய நிலையத்துக்கு வருகிறது. கடல் மட்டத்திலிருந்து 387 மீட்டர் உயரம். அடுத்த நிலையம் கருயிசாவா, நாகானோ மாகாணத்தில், 939 மீட்டர் உயரத்தில். நடுவில் உசுய் கணவாய். இந்த மலையில் ஏற்றம் ஒரு பக்கம்தான். ஏறி முடித்தால் மறுபுறம் இறக்கம் கிடையாது, பீடபூமி விரிந்து கிடக்கிறது. ஆகவே 552 மீட்டர் உயரத்தை அந்தக் குறுகிய தூரத்துக்குள்ளேயே ஏறித் தீர்க்க வேண்டும்.

அதனால் வந்தது ஆயிரத்துக்கு 66.7 என்ற சாய்வு. 15 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். சாலையில் இது பெரிய விஷயமில்லை, பஸ்காரர் கியர் மாற்றிவிட்டுப் போய்விடுவார். இரும்பின் மேல் இரும்பு உருளும் ரயிலுக்கு இது மிரட்டும் சாய்வு. 20 மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டி இந்தச் சரிவில் நின்றால் அதன் மேல் முனை கீழ் முனையைவிட 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கும். மும்பைக்கும் புனேவுக்கும் இடையே போர் மலைப்பாதையில் ரயில்களைத் தள்ளப் பேங்கர் எஞ்சின்கள் கட்டுகிறார்கள் அல்லவா, அங்கே சாய்வு 37-க்கு 1. உசுய் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் செங்குத்து.

1893-ல் பாதை திறந்தபோது சாதாரணத் தண்டவாளத்தில் இது முடியவே முடியாது என்று முடிவுகட்டி, ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பாதையைப் பார்த்து ஆப்ட் பற்சட்ட முறையைக் கொண்டுவந்தார்கள். நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் இன்றும் இருப்பது அதே ஆப்ட் முறைதான். தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள், எஞ்சினுக்கு அடியில் அந்தப் பற்களைக் கவ்விக்கொள்ளும் சக்கரம். உசுய்யில் மூன்று பற்சட்டங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, பற்கள் ஒன்றுக்கொன்று தள்ளி வரும்படி அமைத்தார்கள். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும்.

வழியில் 26 சுரங்கங்கள், 18 பாலங்கள். செங்கல் வளைவுகளால் கட்டிய மூன்றாம் பாலம் 91 மீட்டர் நீளமும் 31 மீட்டர் உயரமும் கொண்டது, சுமார் 20 லட்சம் செங்கற்கள் பிடித்தது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பாதையில் வேலை செய்தவர்களுக்கு அது நரகமாக இருந்தது. நீராவி எஞ்சின் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஏறும். சுரங்கம் புகைபோக்கிபோலக் கீழிருந்து காற்றை இழுக்கும். அந்தக் காற்றோடு புகையும் ரயில் கூடவே மேலே வரும், எஞ்சினில் இருப்பவர்களை மூச்சுத்திணற வைக்கும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி இது: சுரங்கத்தின் கீழ்வாயில் ஒரு ஆளை நிறுத்தினார்கள். ரயில் உள்ளே போனதும் அவர் பெரிய திரையை இழுத்து வாயை மூடுவார். காற்று வரத்து நின்றால் புகை ரயிலைத் துரத்தாது, பின்தங்கிவிடும். இந்தத் திரை இழுப்பதற்கென்றே மலைமேல் ஆட்கள் குடியிருந்தார்கள். ஒரு பொறியியல் தவறின் விலையை யாரோ ஒருவர் தினமும் கையால் கொடுத்துக்கொண்டிருந்த காட்சி அது.

1912-ல் இந்தப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. நாட்டின் முதன்மைப் பாதைகளில் முதலில் மின்மயமானது வேகமான சமவெளிப் பாதை எதுவுமில்லை, இந்த மலைத்துண்டுதான். காரணம் புகை. ரயில் ஏறும்போது மட்டும் மின்தேவை திடீரென்று எகிறும் என்பதால், துணைமின் நிலையத்தில் வரிசை வரிசையாக பேட்டரிகளை வைத்து ரயில் இல்லாத நேரத்தில் சேமித்தார்கள். மின்சாரம் 600 வோல்ட், பாதையோரம் ஓடிய மூன்றாவது தண்டவாளம் வழியாக வந்தது. முதல் எஞ்சின்கள் ஜெர்மனியிலிருந்து இறக்குமதியானவை. அப்புறம் ஜப்பானிலேயே செய்தார்கள், கடைசியில் வந்தது இடி42 வகை. ஒரு ரயிலுக்கு நான்கு இடி42 வரை கட்டி ஏற்றினார்கள். புகை போய்விட்டது. வேகம் மட்டும் பெரிதாகக் கூடவில்லை. பல்லைக் கவ்விக்கொண்டு போகும் எஞ்சினால் ஓட முடியாது. கணவாயைக் கடக்க 40 நிமிடத்துக்கு மேல் ஆனது, அதுவும் ஒற்றைப் பாதை.

மலையும் சும்மா இருக்கவில்லை. 1950 ஜூன் மாதம் நடுவழியில் இருந்த குமானோதைரா நிலையத்தில் மண் சரிந்து, நிலைய ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தினருமாக 50 பேர் இறந்தார்கள்.

பற்களை விட்டுவிடும் முடிவு

போருக்குப் பிறகு ஜப்பானியர்கள் ஜப்பான் கடல் கரையை நோக்கி அதிகமாகப் பயணித்தார்கள். கருயிசாவா கோடைவாசஸ்தலமாகப் பெருத்தது. எல்லா ரயிலும் யோகொகாவாவில் வந்து தேங்கின. வழி இரண்டு. ஒன்று, மலையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஏறும் புதிய பாதை. ஆயிரத்துக்கு 25 என்ற சாய்வில் 552 மீட்டர் ஏற வேண்டுமானால் குறைந்தது 22 கிலோமீட்டர் பாதை வேண்டும், அதில் பெரும்பகுதி சுரங்கமாக. இரண்டு, அதே செங்குத்தான சாய்வை வைத்துக்கொண்டு பற்சட்டத்தை மட்டும் எடுத்துவிடுவது. சாதாரணச் சக்கரம், சாதாரணத் தண்டவாளம், உராய்வை நம்பி ஏறுவது.

இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். துணிச்சலான முடிவு என்றுதான் சொல்வேன். ஏனென்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

300 டன் ரயில் ஒன்று, அதைத் தள்ள 108 டன் எஞ்சின்கள் இரண்டு. மொத்தம் 516 டன். சாய்வு 15-க்கு 1 என்பதால் ஈர்ப்பு விசை மட்டுமே சுமார் 34 டன் அளவுக்குக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். இதை எதிர்க்கும் பிடி முழுவதும் எஞ்சின் சக்கரங்களில்தான் இருக்கிறது. 216 டன் எஞ்சின் எடையில் 34 டன் என்றால் 16 சதவீதம். வளைவுகளின் உரசலையும் சேர்த்தால் இன்னும் கூடும். காய்ந்த தண்டவாளம் இதைத் தாங்கும். மழையில் நனைந்து, மேலே இலை உதிர்ந்து கிடக்கும் தண்டவாளத்தில் இந்தப் பிடி விளிம்பில் நிற்கும். எஞ்சினைக் கனமாக்கினால் பிடி கூடும், ஆனால் அந்தக் கனத்தையும் சேர்த்துத்தான் மேலே தூக்க வேண்டும். இந்த மலையில் எதையுமே இலவசமாகப் பெற முடியாது.

இப்போது இறக்கத்தைப் பாருங்கள். அதே 516 டன், 552 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் வெளியேறும் ஆற்றல் சுமார் 775 யூனிட். நம் வீட்டு மீட்டரில் பல மாதங்களுக்கு ஓடும் யூனிட்டை 24 நிமிடத்துக்குள் எங்காவது தொலைத்தாக வேண்டும். சக்கரத்தின் மேல் பிரேக் கட்டையை அழுத்தி மட்டும் தொலைக்கப் பார்த்தால் கட்டை காய்ந்து, சக்கரம் சூடேறி, பிடியே போய்விடும். ஏறும்போது சக்தி போதவில்லை என்றால் ரயில் நின்றுவிடும். இறங்கும்போது பிரேக் போதவில்லை என்றால் நிற்காது. இந்த வித்தியாசம்தான் இஎஃப்63-ன் முழு வடிவமைப்பும்.

எஞ்சினின் உள்ளும் புறமும்

முதல் எஞ்சினை தோஷிபா 1962-ல் கட்டி முடித்தது. சோதனைகளுக்குப் பிறகு தோஷிபா, மிட்சுபிஷி, கவாசாகி மூன்றும் சேர்ந்து 1976 வரை கட்டின. எஞ்சினுக்கு அடியில் இரண்டு சக்கர அச்சுகள் கொண்ட சக்கரத் தொகுதிகள், அதாவது போகிகள், மூன்று, ஆக மொத்தம் ஆறு அச்சுகள், ஆறு மோட்டார்கள். நீளம் 18 மீட்டருக்குச் சற்று மேல். மேல்கம்பி 1,500 வோல்ட் நேர்மின்சாரம், ஆகவே புதிய பாதையில் மூன்றாவது தண்டவாளமும் போனது. இஎஃப்65-ன் எடை 96 டன். இஎஃப்63 அதைவிட 12 டன் அதிகம்.

அந்த 108 டன்னை அவர்கள் பங்கு போட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரணமாக ஒரு எஞ்சினில் எல்லா அச்சுகளிலும் ஒரே பாரம் வரும்படிதான் செய்வார்கள். இங்கே ஒரு அச்சுக்கு 18 டன் வந்திருக்க வேண்டும். ஆனால் சரிவில் நிற்கும் எஞ்சினின் பாரம் கீழ்ப்பக்கச் சக்கரங்களை நோக்கிச் சாய்கிறது. மேல்பக்கச் சக்கரங்களில் பாரம் குறைகிறது, அவை முதலில் வழுக்கும். அதனால் கருயிசாவா பக்கப் போகியில் அச்சுக்கு 19 டன், நடுவில் 18, யோகொகாவா பக்கத்தில் 17 என்று வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாக வைத்தார்கள். சமதளத்தில் கோணலான எஞ்சின், மலையில் ஏறியதும் நேராகிவிடும். இது எல்லா எஞ்சினுக்கும் செய்யக்கூடிய வேலை இல்லை. தன் வாழ்நாள் முழுக்க ஒரே முனை மேலே, ஒரே முனை கீழே என்று நிற்கப்போகும் எஞ்சினுக்கு மட்டும்தான் செய்ய முடியும்.

எப்போதும் இரண்டு இஎஃப்63-களை ஜோடியாகக் கட்டினார்கள், அதுவும் ரயிலின் கீழ்முனையில், அதாவது யோகொகாவா பக்கத்தில். ஏறும்போது அவை பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஊட்டி மலை ரயிலில் போனவர்களுக்கு இது புதிதல்ல, அங்கேயும் எஞ்சின் கீழ்முனையில்தான் இருக்கும். வழியில் ஒரு கப்லிங் அறுந்தாலும் பெட்டிகள் தனியே உருண்டு ஓடிவிடாமல் எஞ்சின்மேல் சாய்ந்து நிற்கும்.

இறக்கத்தில் பிரதான பிரேக் மின்சார பிரேக்தான். மோட்டார்களை ஜெனரேட்டர்களாக மாற்றி, அவை தரும் மின்சாரத்தை எஞ்சினுக்குள் இருக்கும் பெரிய ரெசிஸ்டர் வரிசைகளில் சூடாக்கி, விசிறியால் வெளியே ஊதித் தள்ளுவது. திம்பம் மலையில் சுமை லாரி இறங்கும்போது ஓட்டுநர் பிரேக்கை நம்பாமல் கீழ் கியரில் எஞ்சினை வைத்தே இறக்குவாரே, அதே புத்திதான். இந்த மின்சாரத்தை வீணாக்காமல் மேல்கம்பிக்கே திருப்பி அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம். ஆனால் அதை வாங்கிக்கொள்ள அந்த நேரத்தில் பாதையில் இன்னொரு ரயில் வேண்டும், அல்லது துணைமின் நிலையத்தில் ஏற்பாடு வேண்டும். வாங்க ஆள் இல்லாவிட்டால் பிரேக் இல்லை. ரெசிஸ்டர் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட சரிவில் நான் பயணியாக இருந்தால் ரெசிஸ்டரைத்தான் நம்புவேன்.

அதன் மேல் காற்று பிரேக். நின்ற பிறகு பிரேக் சிலிண்டரில் உள்ள காற்று மெல்லக் கசிந்து எஞ்சின் நழுவிவிடாமல் அந்தக் காற்றைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு. அதற்கும் மேல், தண்டவாளத்தையே காந்தத்தால் பற்றிக்கொள்ளும் மின்காந்த பிரேக். இது சக்கரத்தை நம்பவே இல்லை. தண்டவாளத்துக்கு மேல் தொங்கும் காந்தக் கட்டைகள் கீழே இறங்கி இரும்போடு ஒட்டிக்கொள்ளும்.

வேகம் மீறினால் தானாகவே பிரேக் போடும் கருவியும் உண்டு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எஞ்சினின் வேகத்தைப் பொதுவாக ஓடும் சக்கரத்திலிருந்துதான் அளப்பார்கள். ஆனால் பிரேக் போட்ட சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால், சக்கரம் சுற்றாது, வண்டி மட்டும் ஓடும். அளவி பூஜ்யம் என்று பொய் சொல்லும். அதனால் மோட்டாரும் பிரேக்கும் இல்லாமல் தண்டவாளத்தில் சும்மா உருண்டுகொண்டிருக்கும் ஒரு தனிச் சிறு சக்கரத்தை வைத்து வேகத்தை அளந்தார்கள். எது தவறாகப் போனாலும் உண்மையைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்று யோசித்த வடிவமைப்பாளர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

இந்த எஞ்சினின் இரண்டு முகங்களும் ஒன்றுபோல இருக்காது என்பதைப் படங்களில் கவனிக்கலாம். யோகொகாவா பக்க முகத்தில் சாதாரண தானியங்கி கப்லிங். கருயிசாவா பக்க முகத்தில் இரட்டைத் தலை கப்லிங்: ஒரு தலை எஞ்சின்களோடும் பழைய பெட்டிகளோடும் சேர்வதற்கு, இன்னொரு தலை, பெட்டிகளிலேயே மோட்டார் உள்ள மின்தொடர் ரயில்களின் இறுக்கமான கப்லிங்கோடு சேர்வதற்கு. எது வருகிறதோ அதற்கேற்ப ஊழியர் திருப்பி வைப்பார். அதைச் சுற்றி வரிசையாகக் கம்பி இணைப்புத் துளைகள், வகைவகையான ரயில்களோடு பேசுவதற்கு. எஞ்சினின் முகம் என்பதைவிட ஸ்விட்ச் போர்டு என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு நெரிசல்.

நான்கு நிமிட வேலை, ஒரு மண்பானைச் சோறு

1963 ஜூலை 15-ல் புதிய பாதையில் முதல் கட்ட ஓட்டம் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் 70 ஆண்டு பற்சட்டம் ஓய்வு பெற்றது. 1966-ல் இரண்டாவது பாதையும் சேர்ந்தது. கணவாயை ஏற 17 நிமிடம், இறங்க 24 நிமிடம். ஏற்றத்தைவிட இறக்கத்துக்கு நேரம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். சராசரி வேகமாகச் சொன்னால் ஏறும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், இறங்கும்போது 28.

தூரம் போகும் ரயில்களை இழுக்க இதன் ஜோடியாக இஎஃப்62 என்ற 96 டன் எஞ்சினையும் செய்தார்கள். அது மலை தாண்டியும் நாகானோ, நாவோஎட்சு பக்கம் போகும். இஎஃப்63 கருயிசாவாவோடு திரும்பிவிடும். மின்தொடர் ரயில்களுக்கும் இரண்டு இஎஃப்63-கள் கொண்ட ஜோடிதான் துணை.

ஆனால் தள்ளுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பின்னாலிருந்து பலமாகத் தள்ளினால், வளைவில் நடுவிலிருக்கும் லேசான பெட்டி பக்கவாட்டில் பிதுங்கித் தண்டவாளத்தை விட்டு ஏறிவிடலாம். அதனால் இந்த மலையில் வரும் பெட்டிகளின் கப்லிங்கையும் அடிச்சட்டத்தையும் பலப்படுத்தினார்கள். அப்படிப் பலப்படுத்திய பெட்டியின் எண்ணுக்கு முன்னால் ஒரு வட்டப் புள்ளி வைத்தார்கள். நாடு முழுக்க எங்கே அந்தப் புள்ளியைப் பார்த்தாலும், இது உசுய் மலைக்குத் தகுதியான பெட்டி என்று ரயில்காரர்களுக்குத் தெரியும். அடியில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுத் தலையணை உள்ள பெட்டிகளில் மலைக்கு முன் காற்றை வெளியேற்றிவிடுவார்கள். மெத்தென்று ஆடும் பெட்டி தள்ளும் விசையில் நிலைதடுமாறக் கூடாது என்பதற்காக. பயணிகளுக்கு அந்த 17 நிமிடமும் ஓட்டம் கரடுமுரடாக இருக்கும்.

இவ்வளவு செய்தும் 8 பெட்டிக்கு மேல் முடியவில்லை. தீர்வு 1968-ல் வந்த 169 வரிசை மின்தொடர் ரயில். அதன் மோட்டார்களும் மலையில் சேர்ந்து உழைக்கும், அதுவும் இஎஃப்63-லிருந்தே கட்டுப்படுத்தப்பட்டு. ரயிலின் நடுப்பெட்டிகள் வெறுமனே தள்ளப்படாமல் தாங்களும் ஏறுவதால் நசுங்கும் விசை குறைந்தது, 12 பெட்டி வரை நீட்ட முடிந்தது. அப்புறம் 489, 189 வரிசைகளும் அப்படியே வந்தன. புகழ்பெற்ற அசாமா எக்ஸ்பிரஸ் 12 பெட்டியோடு ஏறியது இதனால்தான்.

ஏறும்போது எஞ்சின்கள் பின்னால் இருப்பதால் அவற்றின் ஓட்டுநருக்கு முன்னால் உள்ள சிக்னல் தெரியாது. ரயிலின் தலைப்பெட்டியில் இருப்பவர் சிக்னலைப் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்ல, பின்னால் இருப்பவர் இயக்குவார். ஒருவர் கண், இன்னொருவர் கை.

எல்லா ரயிலும் எஞ்சின் கட்ட யோகொகாவாவில் சில நிமிடங்கள் நின்றாக வேண்டும். வேறெதற்கும் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டாத அந்தச் சின்ன ஊரில், அந்தச் சில நிமிடங்களை நம்பியே ஒரு வியாபாரம் வளர்ந்தது. ஓகினோயா என்ற உணவகம் 1958 முதல் விற்ற கமாமெஷி: மாஷிகோ மண்பாண்டத்தில் சுடச்சுடச் சோறு, மேலே கோழி, காளான், மூங்கில் குருத்து, காடை முட்டை, ஒரு கஷ்கொட்டை, ஒரு ஆப்ரிகாட். பின்னால் ஊழியர்கள் கப்லிங்கைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது, பயணிகள் நடைமேடையில் பானையை வாங்க ஓடுவார்கள். ரயில் புறப்படும்போது விற்பனையாளர்கள் வரிசையாக நின்று குனிந்து வணங்குவார்கள். எஞ்சின் கட்ட நின்ற சில நிமிடங்கள் ஒரு ரயில் சாப்பாட்டை வளர்த்த கதை இது.

1975 அக்டோபர் 28

இவ்வளவு முன்னெச்சரிக்கையோடு கட்டிய அமைப்பும் ஒருமுறை தோற்றது. அன்று கருயிசாவாவிலிருந்து யோகொகாவாவை நோக்கி எஞ்சின்கள் மட்டும் இறங்கின, பின்னால் ரயில் இல்லை. இரண்டு இஎஃப்63, இரண்டு இஎஃப்62, நான்கும் சேர்த்துக் கட்டியவை. சரிவில் வேகம் மீறியது, நிறுத்த முடியவில்லை, வளைவில் தடம்புரண்டு கீழே விழுந்தன. பணியிலிருந்த மூன்று பேர் காயமடைந்தார்கள். 5-ம் எண், 9-ம் எண் இஎஃப்63-களோடு இரண்டு இஎஃப்62-களும் அத்தோடு கழிக்கப்பட்டன.

ரயில் இல்லாமல் வெறும் எஞ்சின்கள் என்றால் லேசு என்று நினைக்கத் தோன்றும். கூட்டிப் பாருங்கள்: 108-ம் 108-ம், 96-ம் 96-ம், மொத்தம் 408 டன். ஒரு முழு ரயிலின் எடை. எஞ்சினின் ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் உண்டு என்பதால் நிலைமை இன்னும் சாதகம்தான், வேகம் எல்லைக்குள் இருக்கும்வரை. எல்லை தாண்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் அழிக்க வேண்டிய இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. சூடான பிரேக் கட்டையின் பிடியோ அந்த நேரத்தில் குறைந்துகொண்டே வரும். இரண்டு கோடுகளும் சந்தித்துவிட்டால் அதற்குப் பிறகு ஓட்டுநரின் கையில் எதுவும் இல்லை. உசுய்யில் இறக்கத்தின் வேகத்தை அவ்வளவு கீழே வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். அந்த விபத்தைப் படிக்கும்போது 24 நிமிடம் என்ற எண் எனக்குத் தாமதமாகத் தெரியவில்லை.

இழந்ததற்குப் பதிலாக 1976-ல் 24, 25 என்ற எண்களில் இரண்டு புதிய எஞ்சின்களைக் கட்டினார்கள். இஎஃப்63 வரிசையில் கடைசியாகப் பிறந்தவை அவைதான்.

புல்லட் ரயில் வந்த பிறகு

1998 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நாகானோவுக்குக் கிடைத்ததும் ஷிங்கான்சென் என்ற புல்லட் ரயில் பாதை விரைந்து முடிந்தது. 1997 அக்டோபர் 1-ல் தோக்கியோ–நாகானோ ஓட்டம் தொடங்கியது. தகாசாகிக்கும் கருயிசாவாவுக்கும் நடுவே அது ஆயிரத்துக்கு 30 சாய்வில் நீண்ட சுரங்கங்கள் வழியாக ஏறுகிறது. அதாவது 1950-களில் வேண்டாம் என்று விட்ட சுற்றுவழி யோசனையைத்தான், வேறு உருவில், நாற்பது வருடம் கழித்து வேறு பணத்தில் செய்து முடித்தார்கள். துணை எஞ்சின் தேவையில்லை.

செப்டம்பர் 30-ஆம் தேதியோடு யோகொகாவா–கருயிசாவா பழைய பாதை மூடப்பட்டது. மற்ற இடங்களில் புல்லட் ரயில் வந்தபின் பழைய பாதையை உள்ளூர் நிறுவனம் எடுத்து நடத்துவது உண்டு. கருயிசாவாவுக்கு அப்பால் ஷினானோ ரயில்வே அப்படித்தான் வந்தது. ஆனால் இந்த 11.2 கிலோமீட்டரை யாரும் எடுக்கவில்லை. உள்ளூர்ப் பயணிகள் குறைவு, ஒவ்வொரு ரயிலுக்கும் இரண்டு கனமான எஞ்சின்கள், அவற்றுக்கென்று ஷெட், அவற்றுக்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள். செலவு கட்டுப்படியாகாது என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஒரு முதன்மைப் பாதையை நடுவில் வெட்டிவிட்டு பஸ் விட்டதை என்னால் முழுமனதாக ஏற்க முடியவில்லை. பஸ் சாலையில் சுற்றிப்போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

இஎஃப்63-களுக்கு வேறு வேலையும் கிடைக்கவில்லை. அதே மோட்டார்தான் என்றாலும் 12 டன் கூடுதல் எடை, கோணல் பாரம், ஒரு பக்கம் மட்டும் பயன்படும் இரட்டைத் தலை கப்லிங், இவையெல்லாம் சமதளத்தில் சுமை. அந்த மலைக்கு வெளியே அதற்கு இடமே இல்லை. நாடு முழுக்கப் பொதுவான எஞ்சின் ஒன்றைச் செய்து எல்லா இடத்துக்கும் அனுப்புவதுதான் சிக்கனம் என்று ரயில்வேக்காரர்கள் சொல்வது சரிதான். ஆனால் 15-க்கு 1 சரிவில், அதுவும் 34 ஆண்டுகளுக்கு, பொதுவான எஞ்சின் ஒன்று அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

யோகொகாவா லோகோ ஷெட் இருந்த இடத்தில் 1999-ல் உசுய் கணவாய் ரயில் பண்பாட்டுப் பூங்கா திறந்தது. பழைய செங்கல் பாலங்கள் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்துகளாகிவிட்டன, பற்சட்டப் பாதையில் இப்போது நடந்தே போகலாம். பூங்காவில் பாடம் கேட்டு, தேர்வு எழுதித் தேறினால், அந்தப் பழைய பாதையின் ஒரு துண்டில் உண்மையான இஎஃப்63-ஐ நீங்களே ஓட்டலாம். மேல்கம்பியில் மின்சாரம் ஓட, காற்று பிரேக்கைக் கையால் பிடித்து, சரிவில் 108 டன்னை நிறுத்திப் பழகலாம். இதற்காக ஓட்ட நிலையில் வைத்திருப்பவை நான்கு எஞ்சின்கள்: எண் 11, 12, அப்புறம் அந்த விபத்துக்குப் பதிலாக வந்த 24, 25.